மேம்பாலத்துக்குக் கீழே நல்ல இடம்

வேன் அங்கேயே நிற்கட்டும் என்று முடிவு செய்தது எங்கள் சபை மூப்பர் பிளாசிட்டா, நானா என்பது எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. பல வருடம் மூப்பர் என்றுதான் சொல்லிவந்தேன். அப்படிச் சொல்லும்போது யாரும் குறுக்கே பேசியதில்லை. என் அக்கா ஓராலி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு விஷயத்தை நிறைய தடவை சொன்னால் அது நடந்ததுபோலவே ஆகிவிடுகிறது. அதனால் நான் சொல்வதை முழுக்க நம்ப வேண்டாம். தேதிகள் சரி. தண்ணீரின் உயரமும் சரி. யார் என்ன பேசினார்கள் என்பதில்தான் சந்தேகம்.

2005, ஆகஸ்ட் கடைசி வாரம். நியூ ஆர்லியன்ஸில் கிளெய்போர்ன் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி அக்காவும் நானும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று வருடத்துக்கு முன்பே சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒருநாள் தவறினால் கணுக்கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் மூச்சு இரைக்கும். மூன்று நாள் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எங்களுக்குக் கார் கிடையாது. அவளை நான் சபை வேனில் கூட்டிப்போய் வருவேன். நான்தான் சபைக்கு ஓட்டுநர். கிரேட்டர் நியூ பெனியேல், அதாவது பெரிய புதிய பெனியேல் பாப்டிஸ்ட் சபை. பழைய பெனியேல் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சின்ன பெனியேலைப் பற்றியும் தகவல் இல்லை. வேனில் பதினைந்து பேர் உட்காரலாம். நான்கு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் மீன் பொரித்து விற்று அதை வாங்கினோம். அதற்கு முந்தைய வேன் தொண்ணூற்றைந்தாம் வருட மழையில் தெருவிலேயே மூழ்கிப்போனது. அன்று அதைத் தெருவில் நிறுத்தியவர் மூப்பர் பிளாசிட். பத்து வருடமாக யாரும் அதை அவரிடம் சொல்லிக் காட்டவில்லை. அதுவே அவருக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

எங்கள் ஊரில் பெரிய சாலைகளின் நடுவே ஒரு மேடு ஓடும். மழை பலமாக வரும் என்றால் எல்லோரும் வண்டிகளைக் கொண்டுபோய் அந்த நடுமேட்டில் ஏற்றிவிடுவார்கள். கிளெய்போர்னில் நடுமேட்டுக்கு நேர் மேலே மேம்பாலம் போகிறது. கீழே மேடு, மேலே கூரை. ஊரில் அதைவிட நல்ல இடம் கிடையாது. புயல் செய்தி வந்தால் அரைநாளில் நிறைந்துவிடும்.

சனிக்கிழமை மதியம் நான் வேனோடு போனபோது ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு ஜெனோபியா அங்கே இருந்தாள். வீட்டிலேயே பெண்களுக்குத் தலை பின்னிவிடுகிறவள், அறுபதைத் தாண்டியவள். பாலத்தின் ஓரத் தூண் ஒன்றை ஒட்டி, கார்னிவல் ஊர்வலம் பார்க்க இடம் பிடிப்பதுபோல, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"அடிச்சுக்கோடா. நான் காலைல எட்டு மணிலேர்ந்து இங்க குந்தியிருக்கேன். என் மேல ஏத்திட்டுப் போ" என்றாள் அவனிடம். என்னைப் பார்த்ததும், "வார்டல், மெதுவா வராதே. ராசா மாதிரி வா" என்றாள்.

ராஜா மாதிரி ஏற்றி நிறுத்தினேன். மூப்பர் வந்து வேனைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். டயரைத் தட்டினார். தூணைத் தட்டினார். "இந்த தடவை சரியா அமைஞ்சிருச்சு" என்றார். பத்து வருடத்தில் அவர் முகம் அப்படி இளகி நான் பார்த்ததில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இதை மறைக்க முடியாது.

ஞாயிறு காலை எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். கார் உள்ளவர்கள் போனார்கள். போதகர் முந்தின நாளே அட்லாண்டாவுக்குப் போயிருந்தார். வேன் சாவி மூப்பரிடம் இருந்தது. சபையில் கார் இல்லாதவர்கள் பெயரை நான் ஒரு தாளில் எழுதினேன். அக்காவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். டயாலிசிஸ் மையத்தின் கதவில் திங்கள்கிழமை விடுமுறை என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பேட்டன் ரூஜில் ஒரு மையம் திறந்திருக்கும் என்று அக்கா போனில் விசாரித்து வைத்திருந்தாள். ஒரு சின்னப் பையோடு நடந்து வேனுக்கே வந்துவிட்டாள்.

மூப்பர் ஜெனோபியாவின் நாற்காலியில் வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"கெளம்பலாமாய்யா?" என்றேன்.

அவர் சாலைப் பக்கம் கையைக் காட்டினார். சாலையில் கார்கள் நகராமல் நின்றன.

"போன வருஷம் என்னாச்சு?" என்றார்.

போன வருடமும் இப்படித்தான் ஒரு புயல் என்றார்கள். வேனில் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பதினோரு மணி நேரம் ஆனது. அக்காவின் கால் செருப்புக்குள் போகாத அளவு வீங்கியது. புயல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தோம். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. போகாமல் இருந்தவர்கள் வாசலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

"இது அது மாதிரி இல்லேங்கறாங்க" என்றாள் அக்கா.

"அதையும் அது மாதிரி இல்லேன்னுதான் சொன்னாங்க, ஓராலி."

"மூப்பரே, வண்டி ஆளை ஏத்தறதுக்கா, நிறுத்தி வெச்சு அழகு பாக்கறதுக்கா?" என்றாள் ஜெனோபியா.

"நேத்து நீதானேம்மா எடம் புடிச்சுக் குடுத்தே?"

"புடிச்சுக் குடுத்தேன். தாலி கட்டச் சொல்லலியே."

அதற்குப் பிறகுதான் எனக்குக் குழப்பம். என் ஞாபகத்தில், மூப்பர் எழுந்து, "நிக்கட்டும். நாளைக்கு மத்தியானம் காத்து அடங்கினதும் நானே ஓராலியைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறார். அக்காவின் ஞாபகம் வேறு. மூப்பர் சாவியை என்னிடம் நீட்டினாராம். "நீதான் ஓட்டறவன். நீ சொல்லு" என்றாராம். நான் வேனையும் தூணையும் பார்த்தேனாம். எதிரில் அந்த லாரிக்காரன் இன்னும் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தானாம். நான் சொன்னேனாம்: "எடம் போயிடும்யா."

இதை அக்கா ஒருநாளும் கோபமாகச் சொன்னதில்லை. அவளுக்கு அது நல்ல வேடிக்கைக் கதை.

அவள் பையோடு வீட்டுக்குத் திரும்பினாள். பட்டியலில் இருந்த மற்றவர்களுக்கு நான் வீடு வீடாகப் போய், நாளை பார்க்கலாம் என்று சொன்னேன். ஆக்டேவ் என்ற பெரியவரும் அவர் மனைவி கிளோடில்டும் தொப்பி வைத்துக்கொண்டு வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். "சரி தம்பி, உனக்குத் தெரியாததா" என்றார் ஆக்டேவ். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

திங்கள் அதிகாலை புயல் வந்தது. மதியம் போய்விட்டது. எங்கள் கூரையில் கொஞ்சம் பெயர்ந்தது, ஒரு மரம் சாய்ந்தது, மின்சாரம் இல்லை. தெருவில் தண்ணீர் பாதி டயர் உயரம். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். மூப்பர் பேன்ட்டை மடித்துக்கொண்டு நடந்துபோய் வேனைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு கீறல் இல்ல" என்றார். "பாத்தியா?"

"பாத்தேன்யா."

திங்கள்கிழமை என்பதால் அக்கா எங்கள் ஊர் வழக்கப்படி சிவப்பு பீன்ஸும் சோறும் செய்தாள். கேஸ் அடுப்பு எரிந்தது. பீன்ஸ் அவள் சாப்பிடக்கூடாது. எங்களுக்குப் பரிமாறிவிட்டு ஒரு துண்டு ரொட்டியைக் கடித்தாள். தெருவில் மரம் கிடப்பதால் தண்ணீர் வடிந்ததும் செவ்வாய் காலை கிளம்பலாம் என்று முடிவாயிற்று. மூப்பர் இரண்டாம் தடவை பீன்ஸ் வாங்கிச் சாப்பிட்டார்.

தண்ணீர் வடியவில்லை. ஏறியது. மழை இல்லாமல், காற்று இல்லாமல், வெயில் அடிக்கும்போதே ஏறியது. கால்வாய்க் கரைகள் உடைந்துவிட்டன என்பது எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். செவ்வாய் காலை கட்டில் நனைந்தது. நானும் ஜெனோபியாவும் அக்காவை ஒரு காற்று மெத்தையில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். அக்கா பையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள்.

"நாலு பக்கமும் தண்ணி. எனக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர்தான்" என்றாள்.

"வாயை மூடிட்டு வா. கவுத்துட்டா ஒரேயடியா குடிச்சுக்கலாம்" என்றாள் ஜெனோபியா.

பக்கத்தில் உயரமான இடம் ஒன்றுதான். மேம்பாலம். சரிவு வழியாக ஏறினோம். மேலே முந்நூறு நானூறு பேர் இருந்தார்கள். மூப்பர் எங்களுக்கு முன்பே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நேர் கீழே, தூணை ஒட்டி, வேன் நான் நிறுத்தியபடியே நின்றிருந்தது. மேட்டின் மேல் நிற்பதால் தெருவில் நின்ற வண்டிகளைவிட அது ஒரு சாண் குறைவாக மூழ்கியிருந்தது. பக்கவாட்டில் எழுதியிருந்த சபைப் பெயரில் மேல் பாதி தெரிந்தது.

அந்தச் சுவரருகே மூன்று நாள் இருந்தோம். மூப்பர் அவ்வப்போது எட்டிப் பார்த்து எழுத்துகள் எவ்வளவு தெரிகின்றன என்று சொல்வார். யாரும் கேட்கவில்லை. நானும் அவரும் அந்த மூன்று நாளில் பத்து வாக்கியம் பேசியிருப்போமா என்பது சந்தேகம். பேசினால் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அவர் தண்ணீரைப் பார்ப்பார். நான் அக்காவின் காலைப் பார்ப்பேன். புதன்கிழமை அவள் கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. உதடு காய்ந்து, முகம் உப்பி, அவள் வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

ஹெலிகாப்டர்கள் போய்க்கொண்டே இருந்தன. எல்லோரும் கையசைத்தோம். அவர்களும் கையசைத்தார்கள். புதன் மதியம் ஒன்று தாழ்ந்து வந்து பெட்டிகளைப் போட்டுவிட்டுப் போனது. ஜெனோபியா முட்டி மோதி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தாள். உப்புக் கறிப் பொட்டலங்கள், ஆரஞ்சுச் சாறு, வாழைப்பழம், பெரிய தண்ணீர் பாட்டில்கள். டயாலிசிஸ் மையத்துச் சுவரில், சாப்பிடக்கூடாதவை என்று ஒரு படம் மாட்டியிருப்பார்கள். அந்தப் படத்தில் இருந்த எல்லாமே பெட்டியில் இருந்தன.

"யாரோ உன் மேல கோவமா இருக்காங்கடி" என்றாள் ஜெனோபியா.

அக்கா நாக்கை நனைத்துக்கொள்ள மட்டும் தண்ணீர் கேட்டாள். எங்களைச் சாப்பிடச் சொன்னாள். பசி அதிகமாக இருந்ததால் சாப்பிட்டோம்.

வியாழன் காலை கையில் அட்டை வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். சீருடை இருந்தது. எந்தத் துறை என்று தெரியவில்லை. மிக மோசமாக இருக்கிற நோயாளிகளை மட்டும் மேம்பாலத்தின் மேற்குக் கோடியில் ஹெலிகாப்டரில் ஏற்றுவதாகச் சொன்னார். அவர் எங்களை நெருங்குவதற்குள் ஜெனோபியா அக்காவின் தலையைக் கலைத்துவிட்டாள்.

"கண்ணை மூடு. இன்னும் கொஞ்சம் சாகற மாதிரி படு."

"நடிக்க வேண்டியதில்ல, ஜெனோபியா" என்றாள் அக்கா. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினாள்.

அவர் குனிந்து பார்த்தார். "கடைசியா டயாலிசிஸ் எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"போன வெள்ளியா?" அட்டையில் ஏதோ எழுதினார். "ஒரு மணி நேரத்துக்குள்ள அங்க கொண்டுவந்துடுங்க. என்கிட்ட ஸ்ட்ரெச்சர் இல்ல."

மேற்குக் கோடி ஒரு மைலுக்கு மேல். அவளால் நிற்கவே முடியவில்லை. காற்று மெத்தை முந்தின நாளே கிழிந்துவிட்டது. நான் அவளை முதுகில் தூக்கிப் பார்த்தேன். அவள் மார்பு அழுந்தியதும் மூச்சு அடைத்தது. இறக்கிவிட்டேன். இருபது அடிகூடப் போகவில்லை.

மூப்பர் சுவரிலிருந்து திரும்பினார். "வேன்ல சக்கர நாற்காலி இருக்கு. பின்சீட்டுக்குப் பின்னால" என்றார்.

இது எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் அதை எடுத்து வைக்கிறவன் நான்தான். மூன்று நாளாக அதன் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

"நான் போறேன்யா."

"நீ அவகூட இரு. சாவி என்கிட்ட இருக்கு."

அவருக்கு எழுபத்தொரு வயது. சட்டையைக் கழற்றி மடித்து ஜெனோபியாவிடம் கொடுத்தார். சரிவில் இறங்கித் தண்ணீரில் நடந்தார். மேலே எண்ணெய் மிதந்தது. மேட்டில் ஏறும்போது தண்ணீர் அவர் மார்புக்கு இருந்தது. ஒரு இடத்தில் சறுக்கினார், நின்றார், காலைத் தூக்கிப் பார்க்க முயன்றார், பிறகு நடந்தார். வேனின் பின்கதவில் சாவியைப் போட்டுத் திறந்தார். உள்ளேயிருந்து பாட்டுப் புத்தகங்கள் மிதந்து வந்தன. நாற்காலியை இழுத்து வெளியே எடுத்தார். பிறகு கதவைச் சாத்தி, பூட்டி, கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்.

"பூட்டறாருடி" என்றாள் ஜெனோபியா. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

மூப்பர் திரும்பி வந்தபோது இடது காலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் ஏதோ கிழித்திருந்தது. என்னவென்று அவருக்கும் தெரியவில்லை. ஜெனோபியா அவருடைய சட்டையையே கிழித்துக் கட்டினாள். நாற்காலியிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது. அக்காவை அதில் வைத்து வெயிலில் தள்ளிக்கொண்டு போனேன். மூப்பர் ஒரு பக்கம் நொண்டிக்கொண்டு கூடவே வந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வந்தார்.

ஹெலிகாப்டர் தயாராக இருந்தது. ஒரு இளம்பெண் அக்காவின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினாள்.

"நான் தம்பி. கூட வரணும்" என்றேன்.

"நோயாளி மட்டும்தாங்க."

"எங்க கொண்டு போறீங்க?"

"மொதல்ல ஏர்போர்ட். அதுக்கப்புறம் எனக்கே தெரியாதுங்க."

அக்கா முகமூடியை விலக்கி ஏதோ சொன்னாள். இறக்கைச் சத்தத்தில் கேட்கவில்லை. நாற்காலியோடு சேர்த்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூப்பரும் நானும் அங்கேயே நின்றோம். ஹெலிகாப்டர் கண்ணுக்கு மறைந்ததும் அவர், "நாற்காலியும் போயிருச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எங்களைப் பேருந்தில் ஏற்றினார்கள். ஹூஸ்டன் என்றார்கள். வழியில், ஹூஸ்டனில் இடமில்லை என்று ஆர்கன்சாவுக்குத் திருப்பினார்கள். ஜெனோபியா வேறு பேருந்து. அது ஹூஸ்டனுக்கே போனது.

நான் முகாமிலிருந்து தினமும் போன் செய்தேன். ஓராலி டர்கிட், ஐம்பத்திரண்டு வயது, டயாலிசிஸ் நோயாளி. அப்படி யாரும் பட்டியலில் இல்லை என்றார்கள். உயிரோடு இருப்பவர்கள் பட்டியலில் இல்லை. மற்றப் பட்டியலிலும் இல்லை. முதல் வாரம் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் போன் செய்பவர்களின் வரிசையில் நின்றுவிட்டு, என் முறை வந்ததும் பின்னால் இருப்பவருக்கு இடம் விட்டுவிட்டு வந்தேன்.

கண்டுபிடித்தது ஜெனோபியா. சபையார் யாராவது பதிவாகியிருக்கிறார்களா என்று பெனியேல் என்ற பெயரைத் தேடச் சொல்லியிருக்கிறாள். ஒரே ஒருவர் இருந்தார். ஜி. என். பெனியேல். பெண். சான் அன்டோனியோ. நாற்காலியின் முதுகில் நான்தான் சபைப் பெயரைச் சுருக்கிப் பெயின்டில் அப்படி எழுதியிருந்தேன். அக்கா பேச முடியாத நிலையில் இருந்ததால், அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு அவள் எவ்வளவு சொல்லியும், பதிவை மாற்ற அடையாள அட்டை வேண்டும் என்றார்களாம். பை மேம்பாலத்திலேயே தங்கிவிட்டது.

இருபத்துமூன்றாம் நாள் அவளுடைய வார்டுக்குப் போன் செய்தேன்.

"யாரு?" என்றேன்.

"பெனியேல் பேசறேன்" என்றாள் அக்கா.

அவள் மூச்சு சீராக வருவது கேட்டது. போனை வைக்கச் சொல்லி வரிசையில் இருந்தவர்கள் கத்தும்வரை அப்படியே நின்றிருந்தேன்.

கடைசி டயாலிசிஸுக்கு எட்டு நாள் கழித்து, புயலுக்கு அடுத்த சனிக்கிழமை காலை, அவளுக்கு மறுபடி டயாலிசிஸ் செய்திருக்கிறார்கள். அதன் பிறகு ஆறு வருடம் இருந்தாள். 2011இல் மாரடைப்பில் இறந்தாள். சான் அன்டோனியோவில் புதைத்தோம். மூப்பர் பிளாசிட்டின் கால் முகாமில் புரையோடி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மெம்பிஸில் மகள் வீட்டில் இருந்தார். 2008இல் காலமானார். ஆக்டேவையும் கிளோடில்டையும் செப்டம்பர் நடுவில் அவர்கள் வீட்டுப் பரணில் கண்டெடுத்தார்கள். பட்டியலில் இருந்த மற்ற ஒன்பது பேரும் படகுகளில் மீட்கப்பட்டு வெவ்வேறு ஊர்களுக்குப் போனார்கள், மூவர் திரும்பினார்கள். வேனை அடுத்த மார்ச்சில் யாரோ இழுத்துப்போனார்கள். போதகர் அட்லாண்டாவில் வேறொரு சபையில் இருக்கிறார். ஜெனோபியா 2007இல் திரும்பி, அதே வீட்டில் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். நான் சான் அன்டோனியோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.